கேணி பத்தடியில்தான் இருந்தது

சூடு படாத கையோடு வளர்ந்தவர் எங்கள் தலைமுறையில் ஒருவரும் இருக்க முடியாது. 1970-களின் புதுக்கோட்டைச் சீமையில், எங்கள் வீட்டில், நெருப்பு ஓரிடத்தில் அடங்கி இருந்ததே இல்லை. அடுப்படியில் விறகடுப்பும் அதை ஒட்டிக் கொடியடுப்பும், கொல்லையில் மூன்று கல் கூட்டி வெந்நீர் காயும் அண்டா, திண்ணையோரம் கரித்தணல் போட்ட இஸ்திரிப் பெட்டி, பொழுது சாய்ந்தால் சிம்னி துடைத்து ஏற்றும் அரிக்கேன், கார்த்திகைக்கு அகல், தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு என்று அது எங்களோடு சேர்ந்தே வீடெங்கும் வளைய வந்தது. யார் கையைப் பார்த்தாலும் ஒரு தழும்பு இருக்கும், அந்தத் தழும்புக்கு ஒரு கதை இருக்கும். உங்கள் புறங்கையையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, எங்கோ ஓரிடத்தில் மட்டும் தோல் வழுவழுப்பாக, ரோமம் முளைக்காமல் இருக்கிறதா? அது எந்த வருஷத்துப் புஸ்வாணம், எந்தக் கல்யாணத்துப் பாயசம் என்று உங்களுக்கு உடனே நினைவு வந்திருக்கும்.

பெண்களுக்குத்தான் சூடு அதிகம். சோறு வடிப்பது என்ற ஒரு வேலையே போதும். வெண்கலப் பானையின் வாயில் தட்டை வைத்துப் பிடிதுணியால் அழுத்தி, கஞ்சிச் சட்டியின் மேல் அப்படியே சாய்க்க வேண்டும். துணி கொஞ்சம் நழுவினாலும் கொதிக்கிற கஞ்சி முழங்கை வரை வழியும். கஞ்சி வெறும் தண்ணீரைப்போல ஓடிவிடாது, பசையாகத் தோலோடு ஒட்டிக்கொண்டு தன் சூட்டையெல்லாம் அங்கேயே இறக்கும். அம்மா, சித்தி, அத்தை எல்லார் முன்னங்கையிலும் அந்தக் கோடுகள் இருந்தன. அவர்கள் அதை ஒரு விஷயமாகவே பேசியதில்லை. எனக்கோ, என் பிள்ளைப் பருவத்தில், அந்தக் கோடுகள் வளையல்களைப் போலப் பெரியவர்களானால் தானாக வருபவை என்ற நம்பிக்கை இருந்தது.

யாருக்காவது கை சுட்டுவிட்டால் முதலில் எழுவது அப்பத்தாவின் குரல். "தண்ணிய மட்டும் காட்டிப்புடாதீங்கப்பா, கொப்புளம் போட்டுரும்!" அந்தக் கட்டளைக்கு எங்கள் தெருவில் மறுபேச்சு கிடையாது. கேணி பத்தடி தள்ளி இருந்தது. முற்றத்துத் தவலையில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அடுப்படி மூலையில் மணல் பரப்பி வைத்த மண்பானை சில்லென்று கசிந்துகொண்டிருந்தது. அத்தனை தண்ணீருக்கும் நடுவில் நின்றுகொண்டு, எரிகிற கையைத் தூக்கிப் பிடித்தபடி, மற்ற எல்லாவற்றுக்காகவும் காத்திருப்போம். ஒருவர் இட்லி மாவைக் கொண்டு வருவார், புளித்த மாவுதான் சூட்டை இழுக்கும் என்பார். இன்னொருவர் முட்டையை உடைத்து வெள்ளைக் கருவைப் பிரிப்பார். பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே மஞ்சளும் நல்லெண்ணெயும் என்று குரல் கொடுப்பார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் வீடென்றால் மை வந்துவிடும்.

அந்த மையை நான் மறக்கவே மாட்டேன். பேனாவுக்கு ஊற்றுகிற நீல மை, கண்ணாடிப் புட்டி, தகர மூடி. புட்டியோடு கவிழ்த்தால் எரிகிற தோலில் ஒரு கணம் ஜில்லென்று இறங்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் தமிழ்நாட்டில் அத்தனை புட்டிகள் கவிழ்ந்தன என்று இப்போது தோன்றுகிறது. மையில் இருந்த ஈரம் கொஞ்ச நேரம் ஆற்றியது, பெயர் மைக்குப் போனது. மறுநாள் நீலக் கையோடு வகுப்புக்குப் போனால் நம் மதிப்பே வேறு. எழுதச் சொல்ல மாட்டார்கள். வாத்தியார் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "வலிக்குதாடா?" என்று கேட்பார். வாய்ப்பாடு தவிர வேறெதுவும் அவர் நம்மிடம் கேட்டதாக நினைவில்லாதபோது, அந்தக் கேள்விக்கு ஒரு வாரத்து இனிப்பு இருந்தது.

வீட்டிலும் அப்படித்தான். சூடு பட்ட பிள்ளைக்கு அன்று ராஜ உபசாரம். வலது கையை ஒரு தலையணை மேல் தூக்கி வைத்துத் திண்ணையில் உட்காரவைப்பார்கள். அப்பத்தா பனையோலை விசிறியால் காற்று வீசிக்கொண்டே, கும்மோணத்துக்குப் போன மாட்டுவண்டிக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லுவார். ராத்திரி சோற்றைப் பிசைந்து உருட்டி உருட்டி வாயில் போடுவார்கள், அந்த உருண்டையின் நடுவே யாருக்கும் தெரியாமல் ஒரு வறுத்த அப்பளத் துண்டு ஒளிந்திருக்கும். தம்பி பொறாமையோடு பார்ப்பான். போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்து, தங்கள் கைத் தழும்பைக் காட்டி, தங்கள் கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். வலி குறைந்தது கதையாலா, காற்றாலா, அப்பளத்தாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் இன்றும் முடியாது.

ஊரிலேயே ஒருவர் மட்டும் அப்பத்தாவின் கட்டளைக்குக் கட்டுப்படாதவர். கடைத்தெருக் கோடியில் பட்டறை வைத்திருந்த கொல்லர். துருத்தி ஊத, உலையிலிருந்து சிவந்த இரும்பை எடுத்து அவர் அடிப்பதைப் பார்க்க நாங்கள் வேலிமேல் வரிசையாக உட்கார்ந்திருப்போம். பொறி தெறித்தாலும், இடுக்கி நழுவி இரும்பு தொட்டாலும், அவர் ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்துக் கல்தொட்டியில் கையை முக்கிவிடுவார். அப்படியே முக்கியபடி மகனுக்கு அடுத்த வேலையைச் சொல்லிக்கொண்டிருப்பார். வெகுநேரம் கழித்துத்தான் கை வெளியே வரும். நாள் முழுக்க நெருப்போடு பிழைத்தவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. அவருடைய தொட்டிக்கும் எங்கள் அடுப்படிக்கும் நடுவே இரண்டே தெரு, ஆனால் அந்த அறிவு அந்த இரண்டு தெருவைத் தாண்டி வரவே இல்லை.

இன்றைக்குத் தீக்காய மருத்துவர்கள் சொல்வதெல்லாம் அந்தக் கல்தொட்டிதான். அடுப்பை அணைத்த பிறகும் வெண்கலப் பானையில் சோறு வெந்துகொண்டே இருக்குமே, அதைப்போல, கையை நெருப்பிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே இறங்கிய சூடு சதையை வேகவைத்துக்கொண்டே இருக்கிறது. அதை நிறுத்த வேண்டும். ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம். சுட்ட உடனே பிடித்தால் நல்லது, தாமதமானாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. கொப்புளம் வருவது தண்ணீரால் அல்ல, சூடு தோலின் மேலடுக்கைத் தாண்டி இறங்கியதால். தண்ணீர் அந்த ஆழத்தைக் குறைக்கிறது. ஆழம் குறைந்தால் தழும்பு குறைகிறது, ஒட்டுத்தோல் வைக்க வேண்டிய நிலை தவிர்ந்துபோகவும் கூடும். லண்டனில் ஜேம்ஸ் ஏர்ல் என்ற அறுவை மருத்துவர் தீப்புண்ணுக்குக் குளிர்ச்சிதான் மருந்து என்று 1799-லேயே ஒரு நூல் எழுதியிருக்கிறார். அத்தனை காலம் கழிந்த பிறகும் எங்கள் முற்றத்துத் தவலை மட்டும் தளும்பிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது.

அப்பத்தாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவருடைய பெரிய மருந்து ஒன்று இருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிவில் சம அளவு தேங்காய் எண்ணெய் விட்டு, கை ஓயும்வரை அடித்துக் கலக்குவார். மஞ்சள் எண்ணெயும் நிறமற்ற நீரும் திடீரென்று வெண்ணெய்போல் திரளும், அந்த நொடியைப் பார்க்கவே நாங்கள் சுற்றி உட்காருவோம். கோழி இறகால் அதைத் தொட்டுப் புண்ணில் தடவுவார். பல வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன், ஸ்காட்லாந்தில் கேரன் என்ற இரும்பாலையில் சுட்டுக்கொண்ட தொழிலாளிகளுக்கு இதே சுண்ணாம்புத் தெளிவை ஆளிவிதை எண்ணெயோடு அடித்துப் பூசினார்கள், கேரன் எண்ணெய் என்றே அது மருந்து நூல்களில் ஏறியது. எங்கள் அடுப்படிக்கும் அந்த இரும்பாலைக்கும் ஒரே மருந்து. யாரிடமிருந்து யாருக்குப் போனதோ, அல்லது இரண்டு இடத்திலும் எரிச்சல் தாங்காத ஒருவர் தனித்தனியே கண்டுபிடித்ததோ. இப்போது இரண்டு இடத்திலும் அதை விட்டுவிட்டார்கள். எண்ணெய் சூட்டை உள்ளேயே நிறுத்திவைக்கும், திறந்த புண்ணில் கிருமியையும் சேர்க்கும்.

பிறகு பர்னால் வந்தது. அந்த மஞ்சள் களிம்பு வந்ததும் மைப்புட்டி பின்வாங்கியது. அடுப்படி அலமாரியில் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் அது இல்லாத வீடில்லை. விறகடுப்பு போய் பம்ப் ஸ்டவ் வந்தது, பின்னால் குத்திக் காற்றடித்தால் உறுமும், திடீரென்று தலைக்கு மேல் சுடர் எழும்பும். திரி ஸ்டவ் வந்தது, மண்ணெண்ணெய் வாடை வந்தது, ரேஷன் கடை வரிசை வந்தது. அந்த ஸ்டவ்களின் கதை விளையாட்டல்ல. "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி" என்ற செய்தி வாரந்தோறும் பத்திரிகையில் வந்த காலம் அது. அவற்றுள் எத்தனை ஸ்டவ் தானாக வெடித்தது, எத்தனை வரதட்சணையால் வெடித்தது என்று வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் மெல்லப் பேசிக்கொள்வார்கள், ஆண்கள் வந்தால் பேச்சு நிற்கும். 2007-ல் தமிழக அரசு ஏழை வீடுகளுக்கு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியபோது, பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் காயலான் கடையில் போட்ட சித்தி, திரும்பிப் பார்க்காமல் வந்தார். விறகுப் புகை வாசம் போனதே என்று நான் அவரிடம் வருத்தப்பட்டதில்லை. புகையில் கண்ணெரிந்து ஊதியவர் அவர்.

மை போய்க் களிம்பு வந்தது, களிம்பு போய்ப் பற்பசை வந்தது, பற்பசை போய்ப் பனிக்கட்டி வந்தது. இந்தப் பட்டியலில் ஒவ்வொன்றும் முந்தையதைவிட நவீனம் என்று நம்பப்பட்டதுதான் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. பற்பசை எரிச்சலைக் கூட்டும். மையும் மஞ்சளும் காபித்தூளும் புண்ணின் நிறத்தை மறைத்துவிடும், ஆழம் எவ்வளவு என்று மருத்துவர் பார்க்க முடியாமல் அதைத் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும், அந்தக் கழுவல்தான் சுட்டதைவிடக் கொடுமை. பனிக்கட்டி ரத்தக் குழாய்களைச் சுருக்கிப் பிழைக்கக்கூடிய தோலையும் சாகடிக்கும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். தவழும் வயதில் அடுப்புத் தணலில் கையூன்றியவர். புண் ஆறும்போது நான்கு விரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கி அப்படியே ஒட்டிப்போயின. அந்தக் கையை முந்தானைக்குள் வைத்தபடியே அவர் வாழ்ந்தார், மறு கையால் பூத்தொடுக்கப் பல்லையும் கால் விரலையும் பழக்கியிருந்தார். "தலையெழுத்து" என்று ஊரே ஒரு சொல்லில் முடித்துவைத்தது. அதே 1970-களில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் வெங்கடசாமி கை அறுவைக்கென்றே ஒரு துறையை வளர்த்துக்கொண்டிருந்தார். அதற்கும் முன்பே, கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கியிருந்தார். உணர்ச்சி இழந்த கைகள் கொதிக்கிற பாத்திரத்தைக் கூசாமல் தூக்கிச் சுட்டுக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து, வலி என்பது காவல் என்று சொன்னவர் அவர். சுட்ட கையில் வலி இருந்தால் நல்ல சேதி. வெளுத்தோ தோல்பை போல விறைத்தோ போய், தொட்டாலும் தெரியவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அக்காவை ரயிலேற்றி அனுப்பும் தூரத்தில்தான் அந்த வைத்தியம் இருந்தது. சொல்ல ஆளில்லை.

போன கோடையில் சென்னையில் என் மகளுக்குக் குக்கர் மூடியைத் திறக்கும்போது ஆவி அடித்தது. புறங்கையும் இரண்டு விரலும். அவள் அலறவில்லை, அப்பத்தாவைப்போல யாரையும் கூப்பிடவும் இல்லை. முதலில் மோதிரத்தையும் வளையலையும் கழற்றினாள், வீங்கிவிட்டால் கழற்ற முடியாது. குழாயைத் திறந்தாள். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியில் கிடந்த தண்ணீர் குழாயில் வெந்நீராக வந்தது! உடனே அடைத்துவிட்டு, உள்ளே நிழலில் இருந்த குடிநீர்க் கேனைச் சாய்த்து, கையின் மேல் மெல்ல மெல்லச் சொம்பால் ஊற்றச் சொன்னாள். கீழே ஒரு வாளி வைத்தோம். 2019-ல் ஏரிகள் வற்றி லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊரில், 20 நிமிடம் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பதறியது. கேணி தளும்பியபோது தண்ணீர் ஆகாது என்றிருந்தோம், தண்ணீர்தான் மருந்து என்று தெரிந்தபோது கேணியைத் தூர்த்து அடுக்குமாடி கட்டிவிட்டோம். கேன் காலியாவதற்குள் எதிர்வீட்டிலிருந்து ஒரு வாளி வந்தது. அதைக் கொண்டுவந்த பெண்ணின் பெயர் அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

ஊற்றி முடித்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, சுத்தமான பாலிதீன் பை ஒன்றைக் கையில் தளர்வாக மாட்டிக்கொண்டாள். காற்று படாவிட்டால் எரிச்சல் பாதியாகிறது, புண்ணில் எதுவும் ஒட்டாது, மருத்துவருக்கும் உள்ளே தெரியும். அவரவர் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அவரவர் உடம்புத் தோலில் சுமார் 1 சதவீதம். அவளுக்குப் பட்டது அதிலும் குறைவுதான். ஆனாலும் கையிலோ முகத்திலோ காலிலோ மூட்டு மடிப்பிலோ கொப்புளம் கண்டால், அளவு சிறிதென்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. குழந்தை, முதியவர், மின்சாரம், அமிலம் என்றாலும் அப்படியே. 2008-லிருந்து 108 இருக்கிறது. நாங்கள் ஆட்டோவில் போனோம். கொப்புளத்தை உடைக்காமல், ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சுற்றினார்கள், ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் இருக்க. கையை நெஞ்சுக்கு மேல் தூக்கியே வைக்கச் சொன்னார்கள், வலிக்கு பாராசிட்டமால், தேவைப்பட்டதால் ஒரு டெட்டனஸ் ஊசி. மறுநாளிலிருந்தே விரலை மடக்கி நீட்ட வேண்டும் என்றார்கள். முந்தானைக்குள் ஒளிந்திருந்த அந்தக் கைக்கு யாராவது இதை ஒருமுறை சொல்லியிருந்தால் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

அன்று ராத்திரி சோற்றை நான்தான் பிசைந்தேன். "ஸ்பூன் இருக்கேப்பா, இடது கையால சாப்பிட்டுக்கிறேன்" என்றாள். நான் கேட்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தாலும் ஒரு பழைய வாரப் பத்திரிகையை மடித்து வீசினேன், மாட்டுவண்டிக் கதையை எனக்கு நினைவிருந்த அளவில் சொன்னேன். பாதியில் அவள் கைப்பேசி அடித்தது, அலுவலகம். பேசி முடித்துவிட்டு, "அப்புறம் வண்டி என்னாச்சு?" என்று அவளே கேட்டாள்.

மருத்துவமனையிலிருந்து வந்த குறிப்புத்தாளில் எனக்கு ஆச்சரியம் தந்த வரிகள் இரண்டு. ஒன்று, தினமும் முட்டை சாப்பிட வேண்டும், தோல் புதிதாக வளரப் புரதம் வேண்டும். முட்டை வேண்டும் என்று அப்பத்தாவும் சொன்னார், வெளியே தடவியதை உள்ளே கொடுத்திருந்தால் போதும். இன்னொன்று, புண் முழுதாக ஆறிய பிறகு தேங்காய் எண்ணெய். புதுத்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் சரியாக இருக்காது, வறண்டு அரிக்கும், இழுக்கும். ஆகவே நாளுக்குச் சில முறை எண்ணெய் தொட்டு அழுத்தி நீவ வேண்டும், சில மாதங்களுக்கு வெயில் படாமல் காக்க வேண்டும். அந்த எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்காரும்போதெல்லாம் அப்பத்தாவின் சரக்கறையை மனத்துக்குள் ஒருமுறை சுற்றிவருவேன். அவர் சூடு பட்ட பிள்ளையைக் கிடத்த வெட்டிவரச் சொன்ன வாழையிலைகூட வீணில்லை. புண்ணில் ஒட்டாது, உரிக்கும்போது வலிக்காது என்று கண்டு, நம் நாட்டு மருத்துவமனைகளிலேயே கிருமி நீக்கிய வாழையிலையால் கட்டுப்போட்டு வெற்றி கண்டிருக்கிறார்கள்.

விரல் பயிற்சிக்கென்று கொடுத்த ரப்பர் பந்தை மகள் இரண்டாம் நாளே மேசைமேல் போட்டுவிட்டாள். பயிற்சி தந்த பெண் சிரித்துக்கொண்டே, "கோலம் போடுவீங்களாக்கா? அதைவிட நல்ல பயிற்சி கிடையாது" என்றாராம். புள்ளிக்குப் புள்ளி மாவைக் கிள்ளி விடும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓயாமல் வேலை செய்கின்றன. முதல் நாட்களில் கம்பிகள் கோணலாக ஓடின. இப்போது அடுக்குமாடி வராந்தாவில் சிக்குக் கோலமே போடுகிறாள், எதிர்வீட்டுப் பெண்ணும் கூட உட்கார்ந்து புள்ளி வைக்கிறாள், வழியில் சைக்கிள் விடும் பிள்ளைகளை இருவரும் சேர்ந்தே விரட்டுகிறார்கள்.